தொழில்: தனியார்

பதிவுத் தாளில் தொழில் என்று கேட்ட இடத்தில்
தனியார் என்று எழுதினேன்.
பொய்யில்லை.
பன்னிரண்டு வருடமாகக் கரையானுக்கும் கரப்பானுக்கும்
மருந்தடிக்கிறேன்.
சம்பளம் தனியார்தான்.

ஞாயிறு, காலை ஆறேகால்.
பத்துத்தூண் சந்தில் பதினேழு பேர்.
ஜவுளிக்கடை ஷட்டர் ஒன்றுகூட ஏறவில்லை.
கூட்டிப் போகிறவள் பெயர் எப்சிபா,
கழுத்தில் தாலிக்கயிறு போல ஒரு லென்ஸ்.

முதலில் காட்டியது ஒரு மீட்டர் பெட்டி.
அதன் கீழே சுவர் விரிசல்,
விரிசலில் இருந்து விரல்நீள மெழுகுக் குழாய்,
குழாயின் வாயில் காவலுக்கு நாலைந்து.
கொசுத்தேனீ, கொட்டாது என்றாள்.
ஆளுக்கு ஒரு நிமிடம் வரிசையில் நின்று பார்த்தார்கள்,
சாமி பார்ப்பது போல.
என் முறை வந்தது.
நான் பார்க்காததா?
ஒரு கை வெள்ளைச் சிமெண்ட் போதும் இதற்கு.
ரசீதில் 'இதர பூச்சி', முன்னூறு ரூபாய்.

விளக்குத்தூண் தாண்டிப் பூக்காரம்மா ஒருத்தி
சரம் முடிய ஆரம்பித்திருந்தாள்.
ஈரத்துணி மேல் குவிந்த மல்லியைக் குனிந்து பார்த்து
பையன் ஒருவன் கேட்டான்:
இத்தனை பூவுல ஒரு தேனீகூட இல்லையே?
மொட்டுலயே பறிச்சிடறாங்கப்பா,
விரியும்போது அது யார் தலையிலயோ இருக்கும்
என்றாள் எப்சிபா.
வண்டு மொய்ச்சா எவன் வாங்குவான்
என்றாள் பூக்காரம்மா, நூலைப் பல்லால் கடித்து.
எல்லாரும் சிரித்தோம்.
ஊரே பேர்சொல்லும் பூ,
ஒரு சிறகும் தொடாமல் விலைக்கு வருகிறது.
மொட்டுப்புழுவுக்கு என்ன அடிப்பார்கள், எத்தனை நாளைக்கு ஒருதரம்,
எனக்குத் தெரியும்.
அந்த வாசத்துக்கு அடியில்
இன்னொரு வாசம் இருக்கிறது.

யானைக்கல் இறக்கத்தில் வைகை.
தண்ணீர் என்று சொல்லும்படி இல்லை, சாக்கடை ஒரு கோடு.
மீதியெல்லாம் எருக்கு, தும்பை,
கிழிந்த ஃபிளெக்ஸ், ஒற்றைச் செருப்பு.
எருக்கம்பூவில் தலைகீழாகத் தொங்கிய ஒரு வெந்தய வரியனை
இரண்டு கல்லூரிப் பெண்கள் பின்னாலேயே போய்ச்
சேற்றில் கால் வைத்தார்கள்.

திருவிழாப் பந்தலில் விட்டுப்போன சவுக்குக் கால் ஒன்று
மணலில் கிடந்தது.
அதில் ஒரு துளை, காம்பஸ் வைத்து வரைந்தது போல் வட்டம்.
யாருக்காவது இது என்னன்னு தெரியுமா?

வாய் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது:
கருவண்டு.
உள்ள போய் ஒரு பக்கமாத் திரும்பும்.
மரத்தூளைப் பிசைஞ்சு தடுப்பு வச்சு அறை அறையாக் கட்டும்.
அறைக்கு ஒரு மகரந்த உருண்டை,
உருண்டை மேல வளைஞ்ச மாதிரி ஒரே ஒரு முட்டை.

எப்படித் தெரியும்?

பிளந்து பாத்திருக்கேன்.

பதினாறு பேரும் பேசவில்லை.
பாலத்தின் மேல் ஒரு டவுன் பஸ் போய் முடிந்தது.
எப்சிபா நோட்டைத் திறந்தாள்.
எத்தனை அறை இருந்துச்சு?
ஆறு. ஒருதடவை எட்டு, டி.வி.எஸ். நகர்ல, ஒரு தேக்கு நிலையில.
எழுதிக்கொண்டாள்.
எட்டு என்பதன் கீழே ஒரு கோடும் போட்டாள்.

அப்போதுதான் போன்.
கே.கே. நகர், மூன்றாவது மாடி, பால்கனியில் பெரிய தேன்கூடு,
குழந்தை இருக்கிற வீடு, இன்றைக்கே வேண்டும்.
இந்த வேலைக்கு ராத்திரிதான் போவோம்.
கடைசித் தேனீயும் வீடு திரும்பி
ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கும்போது அடித்தால்
ஒன்றும் மிஞ்சாது. அதுதான் தொழில்.

எத்தனை மணிக்கு வருவீங்க?

எருக்கம்பூவில் கருவண்டு ஒன்று இறங்கியது.
பூ, அதன் எடைக்கு ஒருமுறை தாழ்ந்து நின்றது.

பகல் பன்னெண்டுக்கு வர்றேன் என்றேன்.
அந்நேரம்
பாதிக் கூடு வெளியே போயிருக்கும்.